மச்சில் கிடக்கும் ரீல்: வீட்டு அளவு ஃபிலிம் பிரிண்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்தத் தெற்கு எல்லைப் பக்கத்தில் பழைய ஓட்டுவீட்டைப் பிரிக்கும்போதோ ரப்பர் எஸ்டேட் பங்களா கைமாறும்போதோ வட்டமான தகர டப்பா ஒன்றிரண்டு அகப்படுவதுண்டு. பாதிரியார் இல்லத்து அலமாரி, மிஷன் ஆஸ்பத்திரி ஸ்டோர், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துத் திரும்பியவரின் இரும்புப் பெட்டி, கடைசியில் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடை என்று அவை கிடைக்கும் இடங்கள் பல. கிடைத்தவர் முதலில் செய்கிற காரியம், எங்கிருந்தாவது ஒரு புரொஜக்டரைத் தேடிப்பிடித்து ஓட்டிப் பார்ப்பது. ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த ஃபிலிம் பெரும்பாலும் அன்றைக்குத்தான் சாகிறது.

அதனால் முதல் விதி: ஓட்டாதீர்கள். முகருங்கள், அளந்து பாருங்கள், கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஓட்டலாமா கூடாதா என்பதை ஃபிலிமே சொல்லிவிடும்.

எதை வீட்டு அளவு என்கிறோம்

தியேட்டரில் ஓடியது 35 மி.மீ. அகல ஃபிலிம். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சங்கக் கூட்டத்திலும் காட்டுவதற்காக அதைவிடக் குறுகலான அளவுகள் வந்தன. 1922-இல் பிரான்ஸின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கோடாக் 16 மி.மீ.யையும், 1932-இல் 8 மி.மீ.யையும், 1965-இல் சூப்பர் 8-ஐயும் கொண்டுவந்தது. பெரிய படத்தை இந்தச் சிறிய அகலத்துக்குக் குறுக்கி எடுத்த பிரதிகளும், குடும்பங்கள் தாங்களே கேமராவில் எடுத்த ஒரிஜினல்களும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். இரண்டையும் பிரித்து அறிவது முக்கியம். குறுக்குப் பிரதி உலகில் வேறெங்காவது இன்னொன்று இருக்கலாம். குடும்பம் எடுத்த ஒரிஜினல் அந்த ஒன்றுதான். அதிலே குழித்துறை வாவுபலிச் சந்தையோ கொல்லங்கோடு தூக்கத் திருவிழாவோ இருந்தால் ஊருக்கே அது ஒன்றுதான்.

அகலத்தை ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம். 16 மி.மீ.யில் இரு ஓரமும் ஓட்டை இருந்தால் பேசாப் படம். ஒரு ஓரம் மட்டும் ஓட்டை இருந்து மறு ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு நெளிந்து ஓடினால் ஆப்டிக்கல் ஒலி, காப்பி நிறப் பட்டை இருந்தால் காந்த ஒலி. புதியவர்கள் குழம்புவது 8 மி.மீ.யிலும் சூப்பர் 8-இலும்தான், ஏனென்றால் இரண்டும் 8 மி.மீ. அகலம். ஓட்டையைப் பாருங்கள். பழைய 8-இல் அது பெரிதாக, இரண்டு பிரேம் சேரும் கோட்டின் பக்கம் இருக்கும். சூப்பர் 8-இல் சிறிதாக, பிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ஓட்டையைச் சிறிதாக்கி மிச்சம் பிடித்த இடத்தில்தான் சூப்பர் 8 படத்தின் பரப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கியது. ரீலின் நடுத்துளையும் வேறு: பழைய 8-க்குச் சிறிய துளை, சூப்பர் 8-க்கு அரை அங்குல அகலத் துளை. ஒன்றுக்குரிய புரொஜக்டரில் மற்றதை ஏற்றினால் ஓட்டை ஒவ்வொன்றாகக் கிழியும்.

நீளத்தைத் தெரிந்துகொண்டால் உள்ளே எவ்வளவு படம் இருக்கிறது என்பது கணக்காக வரும். 16 மி.மீ.யில் ஓர் அடிக்கு 40 பிரேம். நொடிக்கு 24 பிரேம் என்றால் 400 அடி ரீல் சுமார் 11 நிமிடம், 1600 அடி ரீல் சுமார் 44 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று 16 மி.மீ.யில் ஏறக்குறைய 5400 அடி வரும். ஆகவே ‘முழுப் படம்’ என்று சொல்லி ஒரேயொரு 1600 அடி ரீலை விற்க வந்தால், வாங்குவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சூப்பர் 8-இல் அடிக்கு 72 பிரேம்; 200 அடி ரீல் 24 வேகத்தில் சரியாக 10 நிமிடம். வீட்டுக் கேமராவில் எடுத்த 50 அடிச் சுருள் 18 வேகத்தில் 3 நிமிடம் 20 நொடிதான்.

ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிம் 35 மி.மீ.யின் சங்கதி. 16 மி.மீ. தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு ஃபிலிமாக வந்தது. 8-ம் சூப்பர் 8-ம் அப்படியே. ஆனால் பழைய டூரிங் டாக்கீஸ் பெட்டியிலிருந்து 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. துண்டு கிடைத்தால் அதை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் வேலை வேண்டாம். தனியாக வைத்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

குறுக்குப் பிரதிக்கு என்ன மதிப்பு

பெரிய பிரதி அழிந்த பிறகு சிறியது பிழைத்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. 1927-இல் ஜெர்மனியில் வெளிவந்த மெட்ரோபொலிஸ் படத்தின் வெட்டுப்பட்ட காட்சிகள், ஏறத்தாழ 25 நிமிடம், 2008-இல் பியூனஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. பிரதியில்தான் அகப்பட்டன. கோடுகளால் நிறைந்த மோசமான பிரதி. ஆனாலும் வேறு கிடையாது.

நம் பக்கத்துக் கணக்கு இன்னும் கசப்பானது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனின் பிரதி எதுவும் இன்று இல்லை. நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த மார்த்தாண்ட வர்மா ஊமைப்படமோ, படத்துக்கு மூலமான நாவலின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் சிக்கி நின்றுபோனது. பிரதி பதிப்பாளரான கமலாலயா புத்தக டிப்போவின் கைக்குப் போய் அங்கேயே கிடந்தது. 1974-இல் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கிக்கொண்டது. வழக்குதான் படத்தைக் காப்பாற்றியது என்று சொன்னாலும் தப்பில்லை. இரண்டும் 35 மி.மீ. படங்கள். அந்தக் காலத்தில் யாராவது ஒரு சின்னப் பிரதி எடுத்து வைத்திருந்தால் என்ற ஏக்கம் இந்தப் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு இன்றும் உண்டு.

வினிகர் வாடை

இந்த அளவு ஃபிலிம்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை. அதில் நீரும் வெப்பமும் சேர்ந்தால் அடித்தளம் உடைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறும். ஊறுகாய்க்கு விடும் வினிகரில் இருக்கிற அதே அமிலம். வெளியேறிய அமிலம் மேலும் உடைவைத் தூண்டும். ஆகவே மெதுவாகத் தொடங்கி ஒரு கட்டத்துக்குப் பிறகு வேகம் பிடிக்கும். இந்த நோயைப் பற்றி 1950-களில் கோடாக் நிறுவனத்துக்கு முதலில் போன புகார் இந்திய அரசிடமிருந்து என்பது நம் வெயிலும் ஈரமும் எப்படிப்பட்டவை என்பதற்குச் சான்று. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் புது ஃபிலிமுக்கு இந்த வாடை தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டு ஆகும் என்பது அமெரிக்காவின் ராசெஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் கணிப்பு. குலசேகரத்திலோ அருமனையிலோ ஓட்டுக்கூரைக்கு அடியில் மச்சில் கிடந்த ரீலுக்கு அந்த 40 ஆண்டு எப்போதோ முடிந்திருக்கும். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போனால் காற்றில் ஈரம் குறைகிறது, ஆனால் வெயில் கூடுகிறது. அங்கேயும் நிம்மதி இல்லை.

நோய் வரிசையாக வரும். முதலில் வாடை. பிறகு ஃபிலிம் சுருங்கும், குறுக்காகக் குழிந்து வளையும், ஓரம் அலை அலையாகும். அடுத்து மேல்பரப்பில் வெள்ளைத் தூள் படியும். கடைசியில் படம் இருக்கும் ஜெலட்டின் படலம் உரிந்து வரும், ரீல் முழுக்க ஒரே கட்டியாகும். போனதைத் திருப்ப முடியாது. தள்ளிப்போடத்தான் முடியும். எந்த ரீலுக்கு முதலில் காசு செலவழிப்பது என்ற முடிவை எடுக்க வைப்பதும் இந்த வரிசைதான்.

வெள்ளைத் தூளைப் பூஞ்சை என்று பலர் தவறாக நினைப்பதுண்டு. 10 மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தூள் என்றால் துகளாகவோ ஊசி ஊசியாகவோ மினுங்கும். அது அடித்தளத்திலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர், அதாவது ஃபிலிம் விறைக்காமல் வளைந்துகொடுக்கச் சேர்த்த பொருள். பூஞ்சை என்றால் நூலிழை போலக் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும், வாடையும் நனைந்த துணியின் வாடை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வாடையை அளக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்ற காகிதத் துண்டு உண்டு. புரோமோகிரெசால் கிரீன் சாயம் ஏற்றிய நீலத் துண்டு. டப்பாவுக்குள் போட்டு மூடி ஒருநாள் வைத்தால் அமிலத்துக்கேற்ப நீலம் பச்சையாகி மஞ்சளாகும். 0-விலிருந்து 3 வரை அளவு. 1.5 தாண்டினால் வேகம் பிடித்துவிட்டது என்று பொருள். ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. துண்டு கிடைக்காவிட்டால் மூக்கே போதும். திறந்தவுடன் டப்பாவில் முகத்தைக் கவிழ்க்காமல், ஜன்னலோரம் திறந்து வைத்து ஒரு நிமிடம் கழித்து முகருங்கள். அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

வாடையடிக்கும் ரீலை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும், ஏனென்றால் அந்த அமில ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். காந்தப் பட்டை உள்ள ரீல்களில் பட்டையிலுள்ள இரும்பு ஆக்சைடு உடைவை இன்னும் தூண்டும். அதனால் சூப்பர் 8 ஒலிப்பட ரீல்களை வாடை வராவிட்டாலும் முதல் வரிசையில் வையுங்கள்.

எல்லா ஃபிலிமும் அசிடேட் அல்ல. ரீலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றின் ஊடே வெளிச்சம் கசிந்து தெரிந்தால் பாலியஸ்டர், இருட்டாகத் தெரிந்தால் அசிடேட். ஃபியூஜி நிறுவனத்தின் சிங்கிள் 8 என்ற ஃபிலிம் பாலியஸ்டர். அதற்கு வினிகர் நோய் வராது, எளிதில் கிழியவும் செய்யாது. அதுவே ஒரு ஆபத்து: சிக்கினால் ஃபிலிம் அறுவதற்குப் பதில் புரொஜக்டரின் பல் முறியும்.

சுருக்கத்தை அளப்பது

இதற்குக் கருவி உண்டு, விலை அதிகம். ஒரு மீட்டர் எஃகு ஸ்கேல் போதும். 16 மி.மீ. பிரிண்டில் ஓர் ஓட்டையின் ஓரத்திலிருந்து அடுத்த ஓட்டையின் அதே ஓரம் 7.62 மி.மீ. தலைப்பிலிருந்து ஆறேழு அடி தள்ளி, ஃபிலிமை இழுக்காமல் மேசையில் படிய வைத்து, முதல் ஓட்டையின் ஓரத்தை 0-வில் வைத்து அதன்பின் 100 ஓட்டை எண்ணுங்கள். புதிதாக இருந்தால் 762 மி.மீ. வர வேண்டும். 758 வந்தால் சுருக்கம் அரை சதவீதம். 754 என்றால் ஒரு சதவீதம், அத்துடன் புரொஜக்டர் ஆசையை விட்டுவிடுங்கள். 747-க்குக் கீழே இறங்கினால் பல்லே இல்லாத ஸ்கேனர்தான் கதி. சூப்பர் 8-க்கு 100 ஓட்டை 423 மி.மீ., பழைய 8-க்கு 381 மி.மீ.; இவற்றில் ஒரு சதவீதம் என்பது ஏறத்தாழ 4 மி.மீ.தான், அதனால் கவனமாக எண்ண வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. 16 மி.மீ. கேமரா ஒரிஜினல்களில் ஓட்டை இடைவெளி பெரும்பாலும் 7.605 மி.மீ. அதாவது புதிதாக இருந்தபோதே 100 ஓட்டைக்கு 760.5 தான் வரும். அதைச் சுருக்கம் என்று எண்ணிப் பதற வேண்டாம். அளவெடுப்பதை ரீலின் தலைப்பிலும் நடுவிலும் செய்யுங்கள். வெளிச்சுற்றும் உள்சுற்றும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை.

புரொஜக்டரில் ஏற்றினால் நடப்பது இது: பல்லின் இடைவெளி மாறாது, ஓட்டையின் இடைவெளி குறைந்துவிட்டது. பல் ஓட்டையின் நடுவில் விழாமல் ஓரத்தில் மோதும். முதல் சுற்றில் ஓரம் நசுங்கும், அடுத்த சுற்றில் கிழியும். கிழிந்த இடத்தில் பிடி நழுவி, விளக்குக்கு முன் ஃபிலிம் ஓடும் சந்தான ‘கேட்’டில் ஃபிலிம் நின்றால் விளக்கின் சூடு அந்தப் பிரேமைப் பொசுக்கும்.

டப்பாவைத் திறப்பது

நல்ல நாள் பார்த்துத் திறக்க வேண்டும், ஜோசியரைக் கேட்டல்ல, வானத்தைப் பார்த்து. எடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டும். அப்போது திறந்து வைத்த ரீல் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். தை, மாசியில் காலை வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

துருப்பிடித்த மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் துருச் செதில் ஃபிலிமில் கொட்டும், ஓட்டும்போது அதுவே கோடு கிழிக்கும். பிறகு படம் முழுக்க ‘மழை’தான். டப்பாவைத் தட்டையாக வைத்து ஓரத்தைச் சுற்றிலும் மரக்கட்டையால் மெல்லத் தட்டி, இரு கையாலும் மூடியைத் திருப்பிக் கழற்றுங்கள். ரீலை எடுத்ததும் தகர டப்பாவுக்கு விடை கொடுங்கள். துருவும் சிதைவைத் தூண்டும். டப்பா மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே இருக்கும் துண்டுக் காகிதம் எதையும் எறியாமல் படம் எடுத்துத் தனி உறையில் போடுங்கள். பேப்பர் கிளிப், ரப்பர் பேண்ட், செல்லோ டேப் எல்லாவற்றையும் நீக்குங்கள்.

பிறகு மேசையில் இரண்டு கை ரீவைண்டர், நடுவில் ஒரு எல்.இ.டி. பேனல். பருத்திக் கையுறை மாட்டி, ஃபிலிமின் இரு ஓரத்தையும் விரலிடுக்கில் லேசாகப் பிடித்தபடி சுற்றினால் கிழிந்த ஓட்டையும் தூக்கிய ஜாயின்ட்டும் விரலில் தட்டுப்படும். கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். சுற்றும்போது படலம் ஒட்டிக்கொண்டு ‘சரசர’ என்று உரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இழுத்துப் பிரித்தால் படம் அடுத்த சுற்றின் முதுகோடு போய்விடும். அது லேபில் பிரிக்க வேண்டிய ரீல்.

ஓரத்தில் அச்சான எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடாக் ஃபிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் தயாரித்த ஆண்டைச் சொல்லும், ஆனால் 20 ஆண்டுக்கொருமுறை அதே குறி திரும்ப வந்தது. ஒரே குறிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் சாத்தியம் என்பதால் படத்தில் தெரியும் பஸ், கடைப் பலகை, உடை ஆகியவற்றோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகு பலகைகளும் மாறத் தொடங்கின என்பது ஒரு துப்பு, ஆதாரமல்ல.

நிறம் தனிக் கதை. 1980-களுக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டிருக்கும். விற்பவர் அதைப் ‘பழைய கலர்’ என்பார். விலை பேசும்போது நடுப்பகுதியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஓரத்தில் ஈஸ்ட்மன் எல்.பி.பி. என்றிருந்தால் எளிதில் மங்காத வகை. கோடாக்ரோம் என்ற கலர் ஃபிலிமில் எடுத்த ஒரிஜினல்கள் இருட்டில் இருந்தவரை நிறம் விடுவதில்லை. படலப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் உருவங்கள் மேடு பள்ளமாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. படம் நிற்கும், அடித்தளம்தான் போகும். அந்த வெள்ளிக்காகவே ஒரு காலத்தில் எத்தனையோ பிரதிகளைக் கழுவி விற்றார்கள்.

துடைப்பதும் ஜாயின்ட் போடுவதும்

பூஞ்சை உள்ள ரீலில் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று செரித்துவிட்டிருக்கும். அந்த இடம் தண்ணீரில் கரைந்து படத்தோடு வழியும். முதலில் ரீலைக் காய வையுங்கள். வெயிலில் அல்ல, ஹேர் டிரையரிலும் அல்ல. சிலிக்கா ஜெல் வைத்த பெட்டியில் ஒரு வாரம். பிறகு என்-95 முகக்கவசம் மாட்டி, பஞ்சு உதிராத வெல்வெட் துணியை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துப் பிழிந்து, ஃபிலிமை அதனிடையே மெதுவாக இழுங்கள். துணிக்கும் எடுக்கும் ரீலுக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும், சுற்றுக்குள் போகுமுன் காய்வதற்கு. சில அடிக்கு ஒருமுறை துணியின் மடிப்பை மாற்றாவிட்டால் சேர்ந்த மண்ணே உப்புத்தாளாகிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் வேண்டாம்.

மருந்துக்கடை ஸ்பிரிட் இதற்கு ஆகாது, அதில் தண்ணீர் கலந்திருக்கும். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். பாட்டிலில் 99 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். காந்தப் பட்டை இருந்தால் முதலில் வாலில் இரண்டு அங்குலம் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். அசிட்டோன், தின்னர் அடித்தளத்தையே கரைக்கும். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சுருங்கிய ரீலுக்குக் கற்பூரம் போட்டால் இளகும் என்பது பழைய ஆபரேட்டர்கள் சொல்லும் வைத்தியம். கொஞ்சநாள் இளகவும் செய்யும். அந்த ஆவி போனதும் முன்பைவிட மோசமாகும்.

ஜாயின்ட் இரண்டு வகை. டேப் ஜாயின்ட்டில் இரு முனையையும் பிரேம் கோட்டிலேயே வெட்டி, ஜாயின்ட் போடும் கருவியான ஸ்ப்ளைசரின் முள்ளில் மாட்டி, ஓட்டை போட்ட ஸ்ப்ளைசிங் டேப்பை இருபுறமும் ஒட்டி, குமிழி இல்லாமல் நகத்தால் அழுத்த வேண்டும். காந்தப் பட்டையை டேப் மூடினால் அந்த இடத்தில் ஒலி விழும், அதனால் பட்டையை விட்டு ஒட்டுங்கள். சிமென்ட் ஜாயின்ட் அசிடேட்டுக்கு மட்டும்: ஒரு முனையின் படலத்தை 2 மி.மீ. அளவுக்குக் கண்ணாடிபோல் தெளியும்வரை சுரண்டி, ஃபிலிம் சிமென்ட்டை ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தடவி, மறுமுனையை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சிமென்ட் ஒட்டுவதில்லை, இரண்டு அடித்தளத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் படலம் துளி மிஞ்சினாலும் பிடிக்காது, பாலியஸ்டரில் எப்போதுமே பிடிக்காது. தொடக்கக்காரருக்கு டேப்பே நல்லது. தப்பானால் பிரித்து மறுபடி போடலாம், ஒரு பிரேம்கூடப் போகாது. செல்லோ டேப்பின் பசை மட்டும் வேண்டாம். வெயில் காலத்தில் வழிந்து அடுத்த சுற்றில் ஒட்டும்.

எல்லாம் முடிந்ததும் தலையிலும் வாலிலும் ஐந்தாறு அடி வெள்ளை லீடர், அதாவது படமில்லாத வெறும் ஃபிலிம், இணையுங்கள்.

வைக்கும் இடம்

மச்சு வேண்டாம், தரையும் வேண்டாம், சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வடக்குப் பார்த்த கீழ்த்தள அறை, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிய இரும்பு அலமாரி, ரீல்கள் படுக்கை வசமாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறுக்கு மேல் போகாமல். காற்றுத்துளை உள்ள பாலிபுரொப்பிலின் கேன்கள் சிறந்தவை. பி.வி.சி. கூடாது. வாடை தொடங்கிய ரீலைக் காற்றுப் புகாத கவரில் கட்டினால் அதன் அமிலத்திலேயே அது வேகும்.

வாடை இல்லாத ரீல்களுக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். எவ்வளவு ஜெல் என்பதற்கு ஒரே விடை கிடையாது. பெட்டிக்குள் ஒரு சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் போட்டு, 100 கிராமில் தொடங்கி மறுநாள் பாருங்கள். 35-லிருந்து 45 சதவீதம் வரை நல்லது. 20-க்குக் கீழே போனால் ஃபிலிம் மொறமொறவென்று முறியும். ஜெலட்டின் உள்ளே வைத்திருக்கும் ஈரத்தை மெதுவாகத்தான் விடும். இறுகச் சுற்றிய 400 அடி ரீல் சமநிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் மாதம் அடிக்கடி பாருங்கள். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி தயார்.

ஏ.சி. இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இரவில் மட்டும் போட்டுப் பகலில் அணைக்கும் ஏ.சி. அறை, ஏ.சி.யே இல்லாத அறையைவிட மோசம். ஈரம் ஏறி இறங்கி ஃபிலிமை உலுக்கும். அந்தக் காசுக்கு உறைபனி பிடிக்காத ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிப் படத்துக்கென்றே வைக்கலாம். 40 சதவீத ஈரத்துக்கு வந்த ரீலை ஜிப் கவரில் போட்டு, ஈரம் காட்டும் அட்டையோடு இன்னொரு ஜிப் கவரில் போட்டு உள்ளே வையுங்கள். கரண்ட் இரண்டு மணி நேரம் போவதால் ஒன்றும் ஆகாது. வெளியே எடுக்கும்போதுதான் கவனம்: கவரைப் பிரிக்காமல் ஒருநாள் அறையில் வைத்துப் பிறகு திறக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த ஃபிலிமில் நீர் பூக்கும்.

வெள்ளத்தில் நனைந்த ரீலுக்கு விதி நேரெதிர். 2017 ஒக்கி புயலைப் போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ரீல் ஊறிவிட்டால், காய வைக்காதீர்கள். சுற்றோடு காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குளிர்ந்த தண்ணீர் உள்ள வாளியில் மூழ்க வைத்து, அந்த நிலையிலேயே ஓரிரு நாளுக்குள் ஃபிலிம் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓட்டலாமா, ஸ்கேன் செய்யலாமா

சுருக்கம் ஒரு சதவீதத்துக்குக் கீழே, வாடை இல்லை, ஜாயின்ட் எல்லாம் உறுதி என்றால் ஓட்டலாம். முதலில் புரொஜக்டரை வேண்டாத ஃபிலிம் துண்டில் சோதியுங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரத்தில் ரப்பர் பெல்ட் தார்போல இளகியிருக்கும், கேட்டில் பழைய படலத் துகள் கல்லாகியிருக்கும். அதை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டுங்கள், இரும்பால் அல்ல. கேட்டுக்கு மேலும் கீழும் லூப், அதாவது ஃபிலிம் தளர்ந்து நிற்கும் வளைவு, சரியாக விட்டிருக்கிறதா என்று கையால் ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்த பிறகு மோட்டாரைப் போடுங்கள். ஒலி உதட்டோடு ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் கீழ் லூப்தான் காரணம்: 16 மி.மீ.யில் ஆப்டிக்கல் ஒலி படத்துக்கு 26 பிரேம் முன்னாலும், சூப்பர் 8 காந்த ஒலி 18 பிரேம் முன்னாலும் பதிவாகியிருக்கும். லூப் பெரிதானால் அந்தக் கணக்குத் தவறும்.

சுவரில் ஓட்டி மொபைலில் எடுப்பது பார்த்துச் சிரிக்கப் போதும், காப்பதற்குப் போதாது; மினுக்கும், ஓரம் வெட்டுப்படும். பிரேம் பிரேமாக எடுக்கும், பல் இல்லாத ஸ்கேனரில் கொடுங்கள். 8-க்கும் சூப்பர் 8-க்கும் 2கே போதும், நல்ல 16 மி.மீ.க்கு 4கே கேட்கலாம். எம்.பி.4 மட்டும் வாங்கி வராமல் அதிகம் சுருக்காத பெரிய கோப்பான புரோரெஸ் அல்லது டி.பி.எக்ஸ். மாஸ்டரையும் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று ரீலை எறிந்துவிடாதீர்கள். டிஸ்க் ஐந்தாறு வருடத்தில் மண்டையைப் போடும், ரீலை மறுபடி ஸ்கேன் செய்யலாம்.

ரீல் உங்களுடையது என்பதால் படத்தின் உரிமை உங்களுடையதாகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 1970-இல் வெளிவந்த படம் என்றால் 2030 முடியும்வரை. வீட்டில் பார்ப்பது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. குடும்பம் எடுத்த ரீல்களுக்கும் எடுத்தவரின் வாரிசுகளிடம் ஒரு சொல் எழுதி வாங்கிவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

வீட்டில் வைத்துக் காக்க முடியாத அளவு சேர்ந்துவிட்டால், அல்லது அரிதான ஒன்று அகப்பட்டால், 1964-இல் தொடங்கி இப்போது தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) கீழ் இருக்கும் புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும், மும்பையில் 2014-இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கும் எழுதலாம். எழுதும்போது ‘பழைய படம் இருக்கிறது’ என்று மட்டும் எழுதாமல் அகலம், அடி, ஒலி வகை, ஓரக் குறி, 100 ஓட்டை அளவு, வாடை உண்டா இல்லையா, தலைப்புப் பலகையின் ஒரு புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். இதே விவரத்தைப் பென்சிலால் அமிலமற்ற சீட்டில் எழுதி ஒவ்வொரு கேனின் மேலும் ஒட்டுங்கள். பால்பாயின்ட் மை நம் ஈரத்தில் இரண்டு மழைக்கு மேல் நிற்காது.